கம் இன்னும் காயவில்லை

"விளிம்பைப் பிடிங்க தம்பி, கம் இன்னும் காயல."

எங்கள் அக்கா கையால் செய்து தரும் பிறந்தநாள் வாழ்த்து இப்படித்தான் தொடங்கும். பிறந்தநாள் முடிந்து அப்போது மூன்று நாளாகியிருக்கும்.

கட்டுக்கலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை என்று கண்டியின் எந்தப் பக்கம் தேடினாலும் வீதிக்கு ஒருவராவது இந்த அக்காவைப் போல அகப்படுவார். கடையில் வாழ்த்து மடல் வாங்குவது இவருக்கு, விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுக் கடைப் பார்சலைப் பிரித்து வைப்பது மாதிரி.

"எல்லாம் அந்த லண்டன்காரர் செஞ்ச வேலை" என்பார். 1843இல் ஹென்றி கோல் என்ற கனவான், கிறிஸ்மஸ் கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாமல், ஓவியர் ஹோர்ஸ்லியிடம் படம் வரைந்து வாங்கி அட்டையாக அச்சடித்துவிட்டார். மிஞ்சியதை ஒரு ஷிலிங் விலைக்கு விற்றும் விட்டார். அந்தச் சோம்பேறித்தனத்தை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடைய கச்சாப்பொருள் எல்லாம் ஊரார் எறிந்தவை. வெசாக் கூடு கட்டி மிஞ்சிய சவ்வுத்தாள், கல்யாண அழைப்பிதழின் பொன்கரை, சாரிப் பெட்டி அட்டை. பேராதனைப் பூங்காவில் எல்லாரும் பனைவரிசையை அண்ணாந்து பார்த்து நடக்க, இவர் மட்டும் குனிந்தபடி வருவார். 1821இல் தொடங்கிய தோட்டம். அங்கே இலை பறிக்கக் கூடாதென்று அவருக்கும் தெரியும். "விழுந்ததுதானே!" என்று கைப்பையைத் திறப்பார். வீட்டில் அந்த இலைக்குப் பழைய டெலிபோன் டிரெக்டரிக்குள் இரண்டு கிழமை சிறைவாசம், மேலே அம்மிக் குழவி.

ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிரிஸ்டல் போர்டைச் சும்மா மடித்தால் மடிப்பு வெடித்துவிடுமாம். மை தீர்ந்த பேனா முனையால் ரூலர் வைத்து அழுத்திக் கோடு கீறினார். பிறகு மடித்து, கரண்டிக் காம்பால் ஒரே இழுப்பு. கத்தி மாதிரி விழுந்தது மடிப்பு. உள்ளே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தபாலில் சேர்த்திருக்கலாம். அக்கா விடுவாரா? அரசிலையைத் தண்ணீரில் ஊறவைத்து நரம்பு மட்டும் மிச்சமாக்கியதை ஒட்டினார். அதன்மேல் சவ்வுத்தாள் ரோஜா. அதன்மேல் ஜிகினா. ஒவ்வொன்றுக்கும் கம்.

கண்டி மழையில் கம் எங்கே காய்கிறது! அடுப்போரம் வைத்தார், அட்டை அப்பளமாக வளைந்தது. பிரிட்ஜ் மேல் வைத்தார். பூனை ஏறிப் படுத்தது. ரோமத்தைக் காட்டினேன். "அதுவும் ஒரு டிசைன்தான்" என்றார்.

வாங்குகிறவர் பாடு தனி. நிறுத்தினால் நிற்காது, எறிய மனம் வராது. அடுத்த முறை அக்கா வீட்டுக்கு வந்தால் அவர் கண் முதலில் போவது அலமாரிக்குத்தான், தேத்தண்ணீர் பிறகு. போன வருட ஜிகினா நேற்றுக்கூட என் சாரத்தில் ஒட்டியிருந்தது.

ஆகவே கண்டிக்குக் குடிவருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிறந்த தேதியை அக்காவிடம் உளறிவிடாதீர்கள். உளறிவிட்டால் அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணி வையுங்கள். என்னுடையதில் இப்போது 11 இருக்கின்றன. கடையில் வாங்கி யாரும் அனுப்பியது ஒன்றுகூட இல்லை.