செடிக்கு எதுக்கு சட்டை?

என் மச்சினன் எடின்பரோவில் இருக்கிறான். அவனிடம் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது. அந்த மரத்துக்கு ஒரு கண்ணாடி வீடு, அந்த வீட்டுக்கு ஒரு ஹீட்டர். ஒரு வருஷம் ஒன்பது பழம் காய்த்தது. குளிர்காலத்துக்கு அவன் கட்டிய கரண்ட் பில்லை ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் புத்தி. ஒரு பழத்தின் விலைக்குக் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் அரை மூட்டை வாங்கி, மிச்சத்துக்கு டீயும் குடிக்கலாம். ஆனாலும் வீடியோ காலில் தம்பி பழத்தைக் காட்டும்போது என் மனைவி முகத்தில் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போது எனக்குக் கல்வராயன் மலையில் வேலை. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் வாடகை வீடு. கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் குளிர் என்றால் ஐஸ் வண்டிதான். கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி பஸ் மலை ஏறும்போதுதான் சட்டைப் பொத்தான் ஞாபகத்துக்கு வரும். மார்கழியில் ஒருநாள் காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன், சொட்டு விழவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பது அறிவியல் வாத்தியார் பிறகு சொல்லித்தான் தெரியும். அதற்குள் நான் முடிவுகட்டிவிட்டேன்: இதுவும் எடின்பரோதான்.

இரும்புக் குழாய், 200 மைக்ரான் யூவி ஷீட். பன்னிரண்டுக்கு இருபதில் குடில் எழும்பியது. உள்ளே ட்ரம்களில் இரண்டு குடகு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை, எல்லாம் ஒட்டுச்செடி. வீட்டுக்காரப் பெரியவர் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, “செடிக்கு எதுக்கு சார் சட்டை?” என்றார்.

பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி கதையைச் சொன்னேன். வெர்சாய் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே 1684 முதல் 1686 வரை ஒரு மாளிகை கட்டினார்கள். மரப்பெட்டியில் வைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அக்டோபரில் உள்ளே போகும், மே மாதம் வெளியே வரும். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

“அங்க ஐஸ் கொட்டுமா சார்?”

“கொட்டும்.”

“இங்க?”

எனக்கு ஷீட்டின் ஓரத்தைக் கட்டுகிற வேலை இருந்தது.

நாரத்தைக் குடும்பத்துக்கே பூர்வீகம் இமயமலையின் கிழக்கு அடிவாரம். 13 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நிற்கும், அவ்வளவுதான். உயிரை எடுப்பது உறைபனி. கல்வராயனில் நான் பார்த்த உறைபனி என் எண்ணெய் பாட்டிலோடு சரி. குடிலுக்குள் நுழைந்த வெயிலுக்கோ திரும்பிப்போக வழியில்லை. சித்திரை மதியம் தெர்மாமீட்டர் 46 காட்டியது. என் கண்ணாடி வியர்த்தது. பூவெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்தேன். காற்று வந்ததோ இல்லையோ, ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. சில நாள் கழித்து இலைகளில் அங்கங்கே குருவி எச்சம். துடைக்கலாம் துடைக்கலாம் என்று மூன்று நாள் விட்டேன். நாலாம் நாள் எச்சம் நடந்தது. எலுமிச்சைப் புழு சின்ன வயதில் போடுகிற வேஷமே அதுதானாம். வெளியே என்றால் குருவியாவது கொத்தும். நான்தான் குருவிக்குக் கதவில் வலை அடித்து வைத்திருந்தேனே!

மூன்றாம் வருஷம் ஒரே ஒரு ஆரஞ்சு மிஞ்சியது. குளிருக்கு இதமாக ராத்திரி நூறு வாட் குண்டு பல்பு வேறு போட்டேன். பழுத்தது, இனித்தது, நிறம் மட்டும் கிளிப்பச்சை. தோட்டக்கலை படித்த நண்பரிடம் கேட்டேன், சிரித்தார். ராத்திரிக் குளிர் பட்டால்தான் தோலிலிருக்கிற பச்சையம் விலகி மஞ்சளும் சிவப்பும் வெளியே தெரியுமாம். அதனால்தான் சமவெளிச் சாத்துக்குடி பழுத்தாலும் பச்சையாகவே நிற்கிறது. பழத்துக்குச் சாயம் போட மலை தினமும் இறக்கிய குளிரை, நான் காசு செலவழித்து வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ட்ரம்களை வெளியே உருட்டிவிட்டோம். காலியான குடிலைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர், “சார், கடுக்கா கொஞ்சம் உள்ள கொட்டிக்கட்டுமா? வெளிய மூடுபனி, காயவே மாட்டேங்குது” என்றார். கல்வராயன் கடுக்காய்க்குப் பேர்போன மலை. மூன்றே நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டது. அப்புறம் சாமை வந்தது, மிளகாய் வந்தது, மரவள்ளிச் சீவல் வந்தது. மூன்று வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்த ஊர், என் வாசலில் முறத்தோடு வரிசையில் நின்றது. என் மனைவியும் விடவில்லை. நாரத்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்படைத்து, உள்ளே பரப்பிவிட்டாள். அதில் ஒரு பொட்டலம் எடின்பரோவுக்குப் போனது.

அன்று வீடியோ காலில் லைன் விட்டுவிட்டு வந்தது.

“நம்ம கிரீன்ஹவுஸ்ல காய்ச்சதா மாமா?”

“காஞ்சது” என்றேன்.

“காய்ச்சதா! எவ்ளோ மாமா?”

“ரெண்டு கிலோ.”

மனைவி பக்கத்திலேயே நின்றாள். அவளும் திருத்தவில்லை.