டெல்லி வாக்காளர்

வேளச்சேரிப் பக்கத்து அடுக்ககம் ஒவ்வொன்றிலும் ஒரு டெல்லி வாக்காளர் குடியிருக்கிறார். ரேபரேலியில் வித்தியாசம் எவ்வளவு, வாரணாசியில் எத்தனை சுற்று எண்ணினார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். வார்டு எண்ணைக் கேட்டால் மட்டும் பின்கோடைச் சொல்வார்.

மக்களவைத் தேர்தலன்று காலை ஏழுக்கு முன்பே இஸ்திரிச் சட்டையோடு பூத் வாசலில் நிற்பார். மை வைத்த விரலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, வராதவர்களைத் திட்டத் தொடங்குவார். 2024-இல் தென்சென்னை 54 சதவீதத்தில் நின்றுவிட்டது. "தர்மபுரியைப் பாருங்க, 81! நமக்கு வெட்கமா இல்ல?" என்று லிஃப்டில் மாட்டியவர்களையெல்லாம் விசாரித்தார். கோபம் நியாயம்தான்.

ஆனால் 2022 பிப்ரவரியில், மாநகராட்சித் தேர்தலன்று, சார் ஏற்காட்டில் இருந்தார். சனிக்கிழமையாயிற்றே! "கவுன்சிலர் எலக்ஷன்தானே, அதுக்கெல்லாமா க்யூவுல நிப்பாங்க?" அன்று சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம். மீதிப் பேரும் ஏற்காட்டுக்கே கிளம்பியிருந்தால் மலை தாங்கியிருக்காது. தென்சென்னைத் தொகுதியில் இருபது லட்சம் பேரில் சார் ஒருவர். வார்டிலோ அவருடைய அடுக்ககம் ஒன்றாக இறங்கினாலே வேட்பாளருக்கு வியர்க்கும். இந்தக் கணக்கு மட்டும் அவருக்கு வராது.

வாட்ச்மேன் தர்மபுரிக்காரர். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலுக்கு லீவு கேட்டார்.

"பஞ்சாயத்துக்கா பஸ் பிடிச்சுப் போறீங்க?"

"நாலு ஓட்டு சார். மெம்பர், தலைவர், ஒன்றியம், மாவட்டம். மெம்பருக்கு ஒரு பக்கம் பங்காளி நிக்கிறாரு, எதிர்ப்பக்கம் மச்சான்."

"அப்ப யாருக்குப் போடுவீங்க?"

"ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சார் முடிவு பண்ணணும்."

போன மழையில் அடுக்கக வாசலில் வடிகால் பொங்கியது. கவுன்சிலர் வீடு நாலு தெரு தள்ளித்தான். சார் பிரதமர் அலுவலகத்துக்குப் படங்களோடு மனுப் போட்டார். மனு டெல்லியிலிருந்து கோட்டைக்கு வந்து, ரிப்பன் மாளிகைக்குப் போய், மண்டல அலுவலகத்துக்கு இறங்கி, கடைசியில் வார்டு உதவிப் பொறியாளர் மேஜையில் விழுந்தது. மழைக்காலம் முடிந்த மறுவாரம் இரண்டு பேர் வந்து அடைப்பை எடுத்தார்கள்.

"பார்த்தீங்களா, டெல்லியில ஒரு வார்த்தை சொன்னா எப்படி நடக்குது!" என்றார் சார். "இந்தக் கவுன்சிலர்னு ஒருத்தர் எதுக்குத்தான் இருக்காரோ!"