கறுவாவுக்கு ஞானஸ்நானம்

1543இல் லிஸ்பனில் ஒரு பொம்மைக்கு முடிசூட்டினார்கள். தங்கப் பொம்மை. இலங்கையின் கோட்டை இராச்சியத்து அரசர் ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலவின் உருவத்தில் அதைச் செய்வித்து, ஸ்ரீ ராமரக்ஷ பண்டிதர் என்ற தூதரிடம் கொடுத்துக் கப்பலேற்றியிருந்தார். போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜுவான் பொம்மையின் தலையில் கிரீடத்தை வைத்தார். பொம்மை வாயே திறக்கவில்லை. பின்னாளில் அசல் தர்மபாலவும் அப்படியே நடந்துகொண்டார்.

தாத்தாவின் கவலை வேறு. தம்பி மாயாதுன்னை சீதாவக்கையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவரை அடக்கப் பறங்கித் துவக்கு வேண்டும். லிஸ்பனுக்கு வேண்டியதோ கறுவா. தூதரோடு வந்திறங்கிய பிரான்சிஸ்கன் சாமிமார், ராசா எப்போது தலையில் தண்ணீர் வாங்குவார் என்று கேட்டு நின்றார்கள். ராசா நழுவிக்கொண்டே இருந்தார். 1551இல் களனியில் ஒரு போர்த்துக்கேயக் குண்டு பட்டுச் செத்தார். தவறுதலாகப் பட்டது என்று சொன்னார்கள். தம்பிக்குப் பயந்து வாங்கிய துவக்கு, தம்பிக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை.

பேரன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று டொன் ஜுவான் பெரிய பண்டார ஆனார். விகாரைக் காணிகளைத் தூக்கிச் சாமிமாருக்குக் கொடுத்தார். குடிமக்கள் அதற்குப் பிறகு அவரை ராசாவாகவே மதிக்கவில்லை. 1580இல் ராச்சியத்தையே போர்த்துக்கல் முடிக்கு உயில் எழுதிவைத்தார். அதே வருஷம் போர்த்துக்கல்லின் முடியை ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் பிடித்துக்கொண்டார். கோட்டைக்கு வாரிசு யாரென்று பார்த்தால், இலங்கை எந்தப் பக்கம் என்று ஆளை விட்டு விசாரிக்க வேண்டிய ஒரு மனிதர்.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு வேர் ஐரோப்பாவில் இருந்தது. 1517இல் லூதர் என்ற சாமியார் பாப்பரசரோடு மல்லுக்கு நின்றார். பாவமன்னிப்புச் சீட்டு விற்பது சரியா என்பது கேள்வி. இதில் ராசாக்களுக்கு ஒரு வசதி தெரிந்தது: பாப்பரசரை உதறினால் மடங்களின் காணி நமக்கு. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு அதோடு பெண்டாட்டியை மாற்றும் அவசரமும் இருந்ததால், 1534இல் தானே சபைக்குத் தலைவர் என்று சட்டம் போட்டுக்கொண்டார். அடித்துக் களைத்த ஜெர்மன் சிற்றரசர்கள் 1555இல் ஆக்ஸ்பர்க்கில் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ராசா எந்த மதமோ குடிகளும் அந்த மதம். எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோட்டத் தலைவர் தொழிற்சங்கம் மாறினால் லயம் முழுக்க மாறும். சந்தா வேறு பெயரில் வெட்டுப்படும். ஏன் மாறினோம் என்று கேட்டால் "தலைவர் சொன்னாரு" என்பதோடு சரி. ஆக்ஸ்பர்க்கில் இருந்தது இரண்டே சங்கம், கத்தோலிக்கம், லூதர். இன்னொரு புரட்டஸ்தாந்துப் பிரிவான கல்வின் ஆட்களுக்குப் பதிவே கிடையாது. ஒல்லாந்தர் பெரும்பாலும் கல்வின் ஆட்கள். அந்தக் கோபத்தை எங்கள் தீவில் வந்து காட்டப்போகிறார்கள்.

பிராக் நகரத்துச் சன்னலைச் சொல்லாமல் ஐரோப்பாவைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 1618 மே 23. கோபம் கொண்ட புரட்டஸ்தாந்துப் பிரபுக்கள், பேரரசரின் கத்தோலிக்க அதிகாரிகள் இருவரையும் குறிப்பெழுத வந்த செயலாளரையும் கோட்டைச் சன்னலால் வெளியே வீசினார்கள். ஏறத்தாழ எழுபது அடிப் பள்ளம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கிப் பிடித்தார் என்றது ஒரு கட்சி. குப்பை மேட்டில் விழுந்தார்கள் என்றது மறு கட்சி. பேரரசர் பின்னர் அந்தச் செயலாளருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். பட்டத்தின் பெயர் "உயர வீழ்ச்சி". இதைத் தொடர்ந்து முப்பது வருஷ யுத்தம். ஜெர்மன் நாடுகளில் ஊர் ஊராகச் செத்தார்கள். அவர்களை எந்த மாதாவும் தாங்கவில்லை, குப்பை மேடும் கிடைக்கவில்லை.

இனி மலைக்கு ஏறுவோம். லிந்துலை அப்போது காடு. தேயிலை இல்லை, லயம் இல்லை, எங்கள் பாட்டன் பூட்டன் யாரும் கடலே தாண்டவில்லை. இந்த மலைகள் கண்டி ராசாவுக்குச் சொந்தம். போர்த்துக்கேயர் படை ஏறி வரும்; கண்டியார் ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார்கள்; மழை, அட்டை, காய்ச்சல் மூன்றும் மிச்ச வேலையைப் பார்க்கும். அட்டைக்குக் கத்தோலிக்க ரத்தம், பௌத்த ரத்தம் என்ற பேதம் கிடையாது. இந்த மலையில் அன்றைக்கு அதற்கு மட்டும்தான் அந்தப் பக்குவம்.

கண்டியில் கோணப்பு பண்டார என்றொரு ஆள் இருந்தார். போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் போய், ஞானஸ்நானம் வாங்கி, ஒஸ்திரியாவின் டொன் ஜுவான் என்று பெயரும் சூட்டிக்கொண்டவர். அவர்கள் தயவில் படையோடு திரும்பி வந்தார். வந்த வேலை முடிந்ததும் அவர்களையே துரத்திவிட்டு முதலாம் விமலதர்மசூரியன் ஆனார். 1594இல் போர்த்துக்கேயர் டோனா கத்தரீனா என்ற இளவரசியைக் கூட்டிவந்து சிம்மாசனத்தில் ஏற்றப் பார்த்தார்கள். தந்துறையில் அவர்களின் படை அழிந்தது. வென்றவர் இளவரசியைக் கலியாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பௌத்தர், பெண் சாமிமார் வளர்த்த கத்தோலிக்கர், சீர் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. அதே கையோடு புத்தரின் தந்தத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து மாளிகையும் கட்டினார்.

தந்தம் என்றதும் கோவாவைச் சொல்ல வேண்டும். 1560இல் யாழ்ப்பாணத்தில் கொள்ளையடித்த சாமான்களில் ஒரு பல் கிடைத்தது. புத்தரின் தந்தம் என்று போர்த்துக்கேயர் நம்பினார்கள். பர்மாவின் பெகு அரசர் அதற்குப் பெரிய தொகை பேசினார். கோவாவில் தளபதிகளுக்கு விற்கத்தான் ஆசை, கஜானா காலி. மேற்றிராணியார் விடவில்லை. கடைசியில் உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். கொஞ்சக் காலத்தில் பெகுவுக்கு தர்மபாலவின் ஆட்களிடமிருந்தே ஒரு பல் போனது. எங்களுடையதுதான் அசல் என்றது கண்டி. இத்தனை வருஷத்துப் பறங்கி வியாபாரத்தில் வந்த காசைக் கடவுளுக்காக விட்டது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தடவைதான். அதுவும் இடித்தது அசல் இல்லை என்று பௌத்தர்கள் சிரிக்கிறார்கள்.

1602இல் ஒல்லாந்தர் ஸ்பில்பேர்கன் கண்டிக்கு வந்தார். பறங்கியின் எதிரி என்பதால் ராசாவுக்குப் பரம சந்தோஷம். அடுத்த வருஷம் இன்னொரு ஒல்லாந்தர் டி வீர்ட் வந்தார். கடலில் பிடிபட்ட போர்த்துக்கேயரை விட்டுவிட்டார். ஊரில் வெட்டிக்கொள்கிறவர்களுக்கு இங்கே வந்ததும் சகோதர பாசம். பிறகு குடித்துவிட்டு ராணியைப் பற்றி நாக்கூசாமல் ஒரு வார்த்தை சொன்னார். அன்றோடு அவர் கதை முடிந்தது.

ஆனாலும் கண்டிக்கு ஒல்லாந்தர் மேல் இருந்த ஆசை முடியவில்லை. 1638 மார்ச்சில் இரண்டாம் இராஜசிங்கன் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை நாசம் செய்தார். இரண்டு மாதத்தில் ஒல்லாந்தர் வெஸ்டர்வோல்டோடு ஒப்பந்தம் எழுதினார். கைப்பற்றும் கோட்டைகளில் ராசா விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் காவல் வைக்கலாம் என்று ராசாவின் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் அந்த "விரும்பினால்" காணாமல் போயிருந்தது. கத்தோலிக்கச் சாமிமாரை ராச்சியத்தில் வைக்கக் கூடாது என்ற வரி மட்டும் பத்திரமாக இருந்தது. 1656 மேயில் கொழும்பு விழுந்தது. ராசா வெளியே படையோடு காத்திருந்தார். கதவு திறக்கவே இல்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல என்று சிங்களத்தில் சொல்வார்கள்.

ராசா ஒரு விசித்திரமான பழிவாங்கலில் இறங்கினார். கையில் அகப்பட்ட வெள்ளைக்காரரையெல்லாம் ஊர் ஊராக இருத்திவைத்தார்: ஒல்லாந்தத் தூதர்கள், ஆங்கிலேய மாலுமிகள், பிரெஞ்சுக்காரர். கொல்வதில்லை, விடுவதுமில்லை, சோறு ஊர்க்காரர் போட வேண்டும். அந்த ஆங்கிலேயரில் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பி ஓடி, 1681இல் புத்தகம் போட்டார். ஏறத்தாழ இருபது வருஷ விருந்துக்கு அந்தப் புத்தகத்தில் நன்றியை விட முறைப்பாடுதான் அதிகம்.

கீழே ஒல்லாந்தர் 1658இல் ஒரு கட்டளை போட்டார்கள். கத்தோலிக்கச் சாமியாரை ஒளித்துவைத்தால் மரண தண்டனை. கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களிடமிருந்து தப்பி எங்கே ஓடினார்கள்? பௌத்த ராசாவிடம். மாத்தளைப் பக்கம் வஹாக்கோட்டையில் குடியேறினார்கள். அந்தோனியார் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. ஒல்லாந்தர் வெறுத்தவரை ஒல்லாந்தருக்குப் பிடிக்காத காரணத்தாலேயே ராசா வைத்துக்கொண்டார். இதைச் சகிப்புத்தன்மை என்று இன்றைக்கு மேடையில் பேசுகிறோம். பேசட்டும், கெட்டதில்லை.

1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குருவானவர் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். சாதியில் கொங்கணிப் பிராமணர். தமிழ் படித்து, இரவில் பூசை வைத்து, ஒல்லாந்தர் கண்ணில் மண் தூவினார். 1692இல் கண்டி எல்லைக்குள் வந்ததும் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தது பௌத்தரில்லை, ஒல்லாந்தருமில்லை. பிரெஞ்சுக் கல்வின்காரர் லானறோல். 1672இல் தூது வந்து, மரியாதை தெரியாமல் நடந்து, கண்டியிலேயே மாட்டிக்கொண்டவர். அவர் ஊரில் 1685இல் பதினான்காம் லூயி கல்வின்காரரின் உரிமையைப் பறித்து அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சண்டையின் பாக்கியை லானறோல் கண்டியில் வைத்துத் தீர்த்தார்: "இவர் போர்த்துக்கேய உளவாளி!" இராஜசிங்கனுக்குப் பின் வந்த ராசா வாஸைச் சிறையில் போட்டுவிட்டு, போகப் போக நண்பரானார். மழை பொய்த்த 1696இல் வாஸ் செபித்து மழை கொட்டியது என்பது பக்தர்கள் சொல்வது. அடுத்த வருஷம் பெரியம்மையில் விழுந்தவர்களை அவர் தூக்கிப் பார்த்துக்கொண்டார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக்கினார். இந்தக் கதை முழுக்க நான் கேலி செய்யாத ஒரே ஆள் அவர்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் வேறு வழி பிடித்தார்கள். பதவி வேண்டுமா, முதுசக் காணியைப் பெயருக்கு எழுத வேண்டுமா, முதலில் ஞானஸ்நானப் பதிவைக் காட்டு. ஊர்க்காரர் காட்டினார்கள். ஞாயிறு கோயிலில் கல்வின், வீட்டுக்குள் கந்தசஷ்டி. ஒல்லாந்தப் பாதிரியார் பல்டேயஸ் பேர் எண்ணி எண்ணிப் பூரித்தார். 1796இல் ஆங்கிலேயர் வந்து, யாரும் எதையும் கும்பிடலாம் என்ற நிலை வந்ததும் அந்தக் கூட்டம் மாயமாய்ப் போனது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு, றோட்டோர அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தும் தலவாக்கலை அக்காவிடம் இதைச் சொன்னால், இதில் என்ன அதிசயம் என்பார்.

பெரிய பகிடி கடைசியில் வருகிறது. 1739க்குப் பிறகு கண்டிச் சிம்மாசனத்தில் மதுரை வழி நாயக்கர்கள். வீட்டில் தெலுங்கும் தமிழும், சபையில் பௌத்தம். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் இலங்கையில் உபசம்பதை என்னும் முழுத் துறவைக் கொடுக்கத் தகுதியுள்ள பிக்கு ஒருவரும் மிச்சமில்லை. சயாமிலிருந்து அழைத்துவர வேண்டும், கண்டிக்குக் கப்பல் கிடையாது. கப்பல் கொடுத்தது யார்? விக்கிரகத்தைக் கண்டால் முகம் சுளிக்கும் கல்வின் சபை ஒல்லாந்தக் கம்பெனி. கம்பெனிக்குக் கண்டிக் காட்டுக் கறுவாவும் வேண்டியிருந்தது. 1753இல் உபாலி தேரர் ஒல்லாந்தக் கப்பலில் திருகோணமலையில் இறங்கினார். சியாம் நிகாயம் என்ற பிக்குச் சங்கப் பிரிவு அப்படித்தான் பிறந்தது.

1760இல் கண்டிப் பிரபுக்களும் சில பிக்குமாரும் சேர்ந்து அதே ராசாவைக் கொல்லப் பார்த்தார்கள். பௌத்தத்துக்கு அத்தனை செய்தவர், ஆனாலும் நெற்றியில் திருநீறு பூசுகிறார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவருக்குப் பதிலாக வைக்க நினைத்தது ஒரு சயாம் இளவரசரை. திட்டம் வெளியே வந்து, பிரபுக்கள் சிலருக்குத் தலை போனது, பிக்குமார் தப்பினார்கள், இளவரசர் நாடு கடத்தப்பட்டார். பிக்குமாரை ஏற்றி வந்த அதே கம்பெனி, 1765இல் சிப்பாய்களோடு மலை ஏறிவந்து, கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்தது. ராசா வழக்கம்போலக் காட்டுக்குள் போய்விட்டார். ஒல்லாந்தர் ஊரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழை வந்தது, காய்ச்சல் வந்தது. படை நடத்தி வந்த ஆளுநர் வான் எக் கொழும்பு திரும்பிய சில வாரங்களில் செத்துப்போனார். அடுத்த வருஷம் புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் கடற்கரை முழுவதும் கம்பெனிக்கு.