அலமாரிக்குள் ஓர் அதிகாரி

இங்கிலாந்து தேசத்து இல்லங்களில், வெந்நீர்த் தொட்டி குடிகொண்டிருக்கும் துணி அலமாரியின் இருட்டில், செப்புக் குழாய்களின் நடுவே அமர்ந்து, குளியலறைக்கு இவ்வளவு, கூடத்துக்கு இவ்வளவு என்று உஷ்ணத்தைப் பங்கீடு செய்யும் மோட்டார் வால்வு என்னும் சிற்றதிகாரியின் மகிமை, அது பழுதுபடும் வரையில் யாருக்கும் விளங்குவதில்லை. தெர்மோஸ்டாட் உத்தரவிட்டதும் மோட்டார் சுழன்று பாதையைத் திறக்க, திறந்த பிற்பாடு உள்ளிருக்கும் நுண்சுவிட்ச் ஆரஞ்சு நிறக் கம்பி வழியே மின்சாரத்தை அனுப்பினால்தான் பாய்லர் பற்றிக்கொள்ளும் என்பது சம்பிரதாயம். அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டாலோ, உத்தரவு ரத்தான பின்னும், ஜூலை மாதத்து நடுப்பகலிலும்கூட, பாய்லர் நிஷ்காம்ய கர்மத்தில் இறங்கிவிடும். வீட்டுக்காரர் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பார்ப்பார், புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார், கடைசியில் பாய்லரின் ஜாதகத்தையே சந்தேகிப்பார். குற்றவாளியைத் தவிர மற்ற அனைவரிடமும் விசாரணை நடக்கும். இத்தனைக்கும் வால்வின் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது: நகர்த்தும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கைக்குத் தட்டுப்பட்டால் வால்வு மூடியிருக்கிறது, எதிர்ப்பின்றித் தொளதொளவென்று ஆடினால் திறந்திருக்கிறது. பல மாதிரிகளில், தண்ணீரை வடிக்காமலே மோட்டார் தலைப்பகுதியை மட்டும் மாற்றிவிடலாம். மூடியைக் கழற்றத் துணிகிறவர்கள் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். அந்த ஆரஞ்சுக் கம்பியில் ஓடுவது 230 வோல்ட்.