கான்ஃபிக் அண்ணன்

வீடியோ கேம் செய்தவர்களைப் பெங்களூர்ப் பக்கத்து ஆனேக்கலில் தேடினால் அலைய வேண்டியிருக்கும். செய்யப்போகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். அடையாளம் சுலபம். டீக்கடையில் ஒரு கையில் கிளாஸ், மறு கையில் போன். போனில் ஓர் எக்செல் ஷீட். புராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர் ஒன்று, மானிட்டர் இரண்டு என்று வரிசையாகக் கட்டங்கள். எதிரே இன்றைய ரேட், போன மாத ரேட். கடைசிக் கட்டத்துக்கு ‘முடிவு’ என்று தலைப்பு. அதில் மேலிருந்து கீழ் வரை ஒரே வாசகம்: வெயிட் பண்ணலாம்.

எங்கள் தெருவில் இந்த ஜாதி மனிதருக்குக் கான்ஃபிக் அண்ணன் என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் வீடு காட்ட ஆள் இல்லை. பகலில் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கேம் டெவலப்பர். அதாவது, கேம் டெவலப்பரிடம் இருக்கவேண்டிய கம்ப்யூட்டரைப் பற்றி யோசிப்பவர்.

கேமின் கதை எப்போதோ தயார். பாளையக்காரர் காலத்து ஆனேக்கல், ஓப்பன் வேர்ல்டு. கோட்டை, ஏரி, பன்னேர்கட்டா காட்டிலிருந்து இறங்கும் யானைக் கூட்டம். கிளைமாக்ஸ் சண்டை முத்யாலமடுவு அருவியில். அருவித் தண்ணீரில் ஹீரோவின் வாள் பளபளப்பது தெரிய வேண்டும். அதற்கு ரே டிரேசிங் வேண்டும், ரே டிரேசிங்குக்கு நல்ல கார்டு வேண்டும், கார்டுக்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும். நிஜ முத்யாலமடுவில் மழைக்காலம் போனால் தண்ணீர் நூல் பிடித்த மாதிரிதான் இறங்கும். “கதையைச் சித்திரை மாசத்துல நடக்கிற மாதிரி மாத்திட்டா கார்டு செலவு மிச்சமாச்சே அண்ணா?” என்று கேட்டேன். கலை தெரியாதவனைப் பார்க்கும் பார்வை ஒன்று பார்த்தார். அவ்வளவுதான் பதில்.

அறிவில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. அன்ரியல் என்ஜின் 5-க்கு எபிக் கம்பெனி சிபாரிசு செய்வது 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஷேடர் கம்பைல் ஆகும்போது புராசசரின் அத்தனை கோரும் உழைக்கும், அதனால் கோர் அதிகம் வேண்டும். டெக்ஸ்சர் பெரிதானால் கார்டின் மெமரி நிரம்பும். புராஜெக்டைப் பழைய ஹார்ட் டிஸ்கில் வைத்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். எல்லாமே சரியான பேச்சு.

மானிட்டர் என்று வந்துவிட்டால் டீ ஆறிவிடும். “24 இன்ச்சுல ஃபுல் எச்டி போட்டா இன்ச்சுக்கு 92 பிக்சல். அதையே 27 இன்ச்சுல போட்டா 82-க்கு இறங்கி எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். 27-க்கு 1440பி, அப்ப 109. ஐபிஎஸ் பேனல்ல நிறம் நல்லா நிக்கும், ஆனா ராத்திரி சீன் வச்சா இருட்டு சாம்பலா தெரியும்; கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒண்ணுதான். விஏ-ல மூவாயிரம் வரும், ஆனா யானை ஓடினா பின்னாடி நிழல் இழுக்கும். ஓஎல்இடி-ல கறுப்புன்னா கறுப்பு. ஆனா கேம் செய்யறவன் ஸ்கிரீன்ல மெனு பட்டை நாள் பூரா அதே இடத்துல நிக்குமே? தழும்பு மாதிரி பதிஞ்சிடும்.” ஆக, எதை வாங்கலாம் என்றால் எதையும் வாங்கலாகாது.

இதையெல்லாம் பேசும் மனிதர் வீட்டில் இருப்பது 2012-ம் வருஷத்து ஐ3. அதோடு 18.5 இன்ச் மானிட்டர், 1366-க்கு 768. விஜிஏ கேபிளின் திருகு ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. யாராவது மேஜையை இடித்தால் பச்சைக்கான பின் தொடர்பு விட்டுத் திரை முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். அதற்காகக் கேபிளின் கழுத்தில் இரண்டு ரப்பர் பேண்டு போட்டு மானிட்டரின் காலோடு இழுத்துக் கட்டியிருக்கிறார். கட்டு தளர்ந்தால் கிருஷ்ணர் படம்கூட ரோஸ்தான். சாயங்காலம் விளக்கேற்றியதும் அண்ணியின் முதல் வேலை அந்த ரப்பர் பேண்டை ஒரு சுற்று இறுக்குவது.

கம்ப்யூட்டர் சாமான் வாங்கவென்று பெங்களூரில் பிறந்த தெரு எஸ்.பி. ரோடு. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படி. முன்பெல்லாம் வழி நெடுக சிக்னல்களிலேயே பாதி ஆயுள் போகும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ திறந்தாலும் திறந்தது, அண்ணனுக்குச் சிறகு முளைத்துவிட்டது. பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கும் தூரம். கடைக்காரர்கள் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் அவரை அறிவார்கள். “ஏன் குரு, இன்னிக்கும் கொட்டேஷன்தானா?” என்று கேட்டுக்கொண்டே பில்லோடு ஒரு ரேட், பில் இல்லாமல் ஒரு ரேட் எழுதிக் கொடுப்பார்கள். அண்ணன் வெறுங்கையோடு திரும்பமாட்டார், அது கௌரவக் குறைச்சல். தெர்மல் பேஸ்ட் வாங்குவார். டிஸ்பிளே போர்ட் கேபிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதைச் செருகும் துளை அவர் வீட்டில் எந்த சாமானிலும் கிடையாது. யானை வாங்கினவன் அங்குசத்துக்கா யோசிப்பான் என்பார்கள். அண்ணன் அங்குசத்தில் ஆரம்பித்தவர்.

பணம் இல்லையா என்றால், இருந்தது. 2020-ல் சீட்டு எடுத்த பணம் அப்படியே கையில். அந்த செப்டம்பரில் என்விடியா 3080 கார்டை அறிவித்தது. வந்த வேகத்தில் கடைகளில் காணாமல் போனது. அடுத்த வருஷம் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிப் போனதில் விலை கண்டபடி ஏறிற்று. ‘நம்ம நேரம் இது இல்ல’ என்றார். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயம் கார்டே தேவையில்லாத முறைக்கு மாறியது, தோண்டும் வேலை நின்றது, கார்டுகள் மலிந்தன. ஊரே வாங்கியது. ‘40 சீரிஸ் வரப்போற சமயத்துல எவனாச்சும் 30 வாங்குவானா?’ 40 வந்தது. 2023-ல் 4060-ஐப் பார்த்துவிட்டு, 8 ஜிபி ஒரு மெமரியா என்று முகம் திருப்பிக்கொண்டார். 2025 ஜனவரியில் 549 டாலர் 5070 கார்டு பழைய 4090-க்கு நிகர் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னார். ஏஐ இட்டு நிரப்பும் ஃபிரேம்களையும் சேர்த்துப்போட்ட கணக்கு அது என்று தெரிந்ததும், சொந்த மச்சான் ஏமாற்றியது போல அண்ணன் சில நாள் யாரோடும் பேசவில்லை.

பிறகு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பேச்சு அடிபட்ட நாளிலிருந்தே அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் வாங்க நினைப்பது 27 இன்ச். அதற்கு ஏற்கெனவே 18-தான். இதை நான் சொன்னபோது, “மார்க்கெட் சென்டிமென்ட்னு ஒண்ணு இருக்குப்பா” என்றார். சென்டிமென்ட் வருவதற்குள் வருஷக் கடைசி வந்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக வளைத்ததில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சில்லறையில் விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அண்ணன் முகத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது என்பது என் கட்சி.

இதற்கிடையே அந்த எக்செல் ஷீட்டில் அண்ணி ஒரு வரி சேர்த்திருந்தார். பொருள்: டில்டிங் கிரைண்டர், 2 லிட்டர். முடிவு: வாங்கியாச்சு. ஷீட் முழுக்கத் தேடினாலும் அந்த வார்த்தை அங்கே மட்டும்தான் இருக்கும். சீட்டுப் பணத்தின் ஒரு பகுதி இப்போது தினமும் காலையில் இட்லியாக வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களுக்கு என்றால் அண்ணன் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவார். கணக்குப் பிள்ளைக்கு டாலி ஓட என்ன வேண்டும், கல்லூரிப் பையனுக்கு பிளெண்டர் ஓட என்ன வேண்டும் என்று பட்பட்டென்று சொல்வார். கோடு எழுதுகிறவனுக்கு உயரமான திரை, அதனால் ஒரு மானிட்டரை நிறுத்தி வை. படம் வரைகிறவனுக்கு நிறம், அதில் கை வைக்காதே. கார்டில் மிச்சம் பிடித்து எஸ்எஸ்டியில் போடு. யுபிஎஸ் இல்லாமல் இந்த ஊரில் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதே. நான் கேட்ட வரையில் இதைவிட நல்ல யோசனை யாரும் சொன்னதில்லை.

நெசவுத் தெருவில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டரில் பார்த்தது மயில்கழுத்து, தறியில் வந்தது வேறு ஏதோ பச்சை என்று பார்ட்டி திருப்பிக் கொடுத்துவிட்டது. அண்ணன் போய் அந்த மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார். எழுந்தார். தலையைச் சாய்த்தார். அவர் சாயச் சாய மயிலும் நிறம் மாறிற்று. “டிஎன் பேனல். இதுல கலர் பாக்கிறதும் ஒண்ணு, சோழி உருட்டறதும் ஒண்ணு.” மறுநாள் பெரியவரோடு எஸ்.பி. ரோடு. பெரியவர் மடியில் காகிதப் பொட்டலம். அதில் அரக்கு, மாம்பழம், வெங்காயத்தோல், மயில்கழுத்து என்று சாயம் போட்ட பட்டுநூல் கண்டுகள். கடையில் ஓடிக்கொண்டிருந்த மானிட்டர் ஒவ்வொன்றின் மீதும் ஒரு கண்டைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டே நகர்ந்தார். கடைப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். 24 இன்ச் ஐபிஎஸ் ஒன்றின் முன்னால் அவர் நின்றபோது அவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் பிரைட்னெஸ்ஸைப் பாதியாகக் குறைத்து, எஸ்ஆர்ஜிபி மோடில் வைத்தார். “பட்டு வெளிச்சத்தைத் திருப்பும், ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கக்கும். நூத்துக்கு நூறு ஒண்ணாகாது ஐயா. ஆனா இது பொய் சொல்லாது.” பெரியவர் பேரம்கூடப் பேசவில்லை. அண்ணன் தன் வாழ்நாளில் தேர்ந்தெடுத்து, பில் போட்டு, வீடு வரை சுமந்து வந்த ஒரே மானிட்டர் அது. பணம் பெரியவருடையது.

உதாரணம் சொல்லி அவரை மடக்க முடியாது. சியாட்டிலில் தியேட்டர் வேலை பார்த்துக்கொண்டே எரிக் பரோன் என்பவர் நான்கு வருஷத்துக்கு மேல் தன்னந்தனியாக உழைத்து 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி பற்றிச் சொல்லுங்கள். “அது பிக்சல் ஆர்ட், 2டி. நம்மளது ஓப்பன் வேர்ல்டு.” கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் செய்த வெண்பா, மறு வருஷம் பாஃப்டா விருது வாங்கியதைச் சொல்லுங்கள். “அதுக்கு கிராபிக்ஸ் கார்டே வேணாமேப்பா!” என்பார், அது ஒரு குறை மாதிரி. பெங்களூருக்கு மட்டும் மரியாதை உண்டு. 1997-லேயே இங்கே துருவா இன்டராக்டிவ் தொடங்கியதும், 2019-ல் ஜிடிஏ செய்யும் ராக்ஸ்டார் அதை வாங்கியதும் அவருக்கு குலப்பெருமை. “அவங்க ஆபீஸ்ல என்ன மானிட்டர் வச்சிருப்பாங்க?” என்று கேட்டுவிட்டு, சிறிது நேரம் மௌனமாக இருப்பார்.

அண்ணனுடைய அக்கா மகள் ஒருத்தி, அத்திப்பள்ளிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். “மாமா, கேம் பண்ணணும், என்ன வாங்கலாம்?” என்று வந்தாள். இருந்தது பழைய லேப்டாப். “ஒண்ணும் வாங்காதே பாப்பா. கோடோ என்ஜின் போடு. காசு கிடையாது, இன்ஸ்டால்கூட வேணாம், அன்சிப் பண்ணித் திறந்தா ஓடும்” என்று அனுப்பிவிட்டார். அவளும் சொன்னபடி செய்தாள். பஸ் கண்டக்டர்தான் ஹீரோ. கூட்டம் நெருக்க நெருக்க டிக்கெட் கிழித்து, பாக்கிச் சில்லறையை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தாபுரா வருவதற்குள் பாக்கி தீராவிட்டால் பயணிகள் சூழ்ந்துகொள்வார்கள், ஆட்டம் காலி. தோழிகளோடு சேர்ந்து முடித்து, இலவசமாக இணையத்தில் ஏற்றியும் விட்டாள்.

ஏற்றுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு மாமா வீட்டுக்கு வந்தாள். ரோஸ் நிறத் திரையில் கண்டக்டர் தடுமாறித் தடுமாறி ஓடினார். “இது மெஷின் கோளாறு பாப்பா. அடுத்த மாசம் புதுசு வந்துடும், அப்ப பாரு” என்றார் அண்ணன், கேபிளைத் திருகிக்கொண்டே.

“ஐயோ மாமா, இதை மாத்திடாதீங்க. எங்க யார்கிட்டயும் இவ்வளவு ஸ்லோ மெஷின் கிடையாது. இதுல ஓடிட்டா எதுலயும் ஓடும்.” நாள் பூரா உட்கார்ந்து, படங்களைச் சுருக்கி, நிழலை எடுத்து, கண்டக்டர் தடுமாறாமல் ஓடும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணி இரண்டு தடவை டீ போட்டார்.

கேம் வெளியான அன்று ராத்திரி அண்ணன் அதன் பக்கத்தைத் திறந்து, படங்களை விட்டுவிட்டு நேராகக் கீழே போனார். குறைந்தபட்சத் தேவை என்ற தலைப்பில் ஐ3 புராசசர், 4 ஜிபி ரேம், 1366-க்கு 768 என்று போட்டிருந்தது. உடனே போனை எடுத்தார்.

“பாப்பா, பேஜ்ல தப்பா போட்டிருக்கே. என் மெஷின்ல ரேம் 4 இல்ல, 6. அந்த ரெண்டு ஜிபி நான் எஸ்.பி. ரோடுல தனியா வாங்கிப் போட்டது.”