சண்டை முடிந்த பிறகு வந்த போர்க்கப்பல்

தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் நின்றுகொண்டு பாய்க்கப்பலைப் பற்றிப் பேசினால், செக்போஸ்ட்டில் ஓரங்கட்டி "என்ன லோடு?" என்றுதான் கேட்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடல் கிடையாது. ஆனால் லாரி என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, மேற்கே மலபார் மலைக்காடுகளிலிருந்து ஒரு பெரிய லோடு ஆற்றில் மிதந்து கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்கு தேக்கு. பார்ட்டி, பிரிட்டிஷ் கடற்படை!

நெப்போலியனோடு மல்லுக்கட்டியதில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குப் பஞ்சம். ஓக்கில் இருக்கும் அமிலம், அடித்த இரும்பு ஆணியையே அரித்துவிடும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. மரமும் நிற்கும், ஆணியும் நிற்கும். விடுவார்களா? 1806-ல் போலீஸ்காரரான கேப்டன் வாட்சனை வனப் பாதுகாவலர் ஆக்கினார்கள். இந்தியாவிலேயே முதல் ஆள். காட்டை யாரிடமிருந்து பாதுகாத்தார் என்கிறீர்களா? காட்டின் சொந்தக்காரர்களிடமிருந்து.

தேக்கு முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே என்று அறிவித்ததும் ஊர் கொதித்தது. கடைசியில் 1823-ல் கவர்னர் தாமஸ் மன்றோ வனப் பாதுகாவலர் பதவியையே ஒழித்தார். அதற்குள் நல்ல மரங்கள் பல கப்பலாகிக் கடலுக்குப் போய்விட்டன.

அப்படிப் போனவற்றில் ஒன்றுதான் நம் கதாநாயகி, ஹெச்.எம்.எஸ். திரிகோணமலை. மூன்று பாய்மரம், முழுப் பாய்விரிப்பு, அந்தஸ்தான 'ஃப்ரிகேட்' ரகப் போர்க்கப்பல். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெருமை! டிசைன் மட்டும் 1782-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடுங்கிய 'ஹெப்' கப்பலைப் பார்த்துக் காப்பி அடித்தது. மரம் மலபார். கட்டியவர் பம்பாய்ப் பார்சி, ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா. பெயர் ஈழத்துத் துறைமுகம். ஆங்கிலேயர் போட்டது ஆர்டர்.

பெயருக்கும் ஒரு கதை. 1782-ல் திரிகோணமலைக்கு வெளியே நடந்த கடற்போரின் நினைவாக வைத்தார்களாம். அந்தப் போரில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. துறைமுகமோ பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் கையிலேயே இருந்தது. மேட்ச் டிரா, கப் எதிரணி வீட்டில், நினைவுச் சின்னம் மட்டும் நமக்கு!

1812 அக்டோபரில் ஆர்டர் போட்டு, கப்பலின் வரைபடங்களை 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். இந்தியாவுக்குக் கிளம்பிய ஜாவா, அந்தக் காலத்துக் கடல் வழக்கப்படி காற்றைத் தேடி பிரேசில் பக்கம் ஒதுங்கியது. அங்கே, அப்போது பிரிட்டனோடு போரில் இருந்த அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' போர்க்கப்பல் காத்திருந்தது. டிசம்பர் 29-ம் தேதி சண்டை. ஜாவாவின் பாய்மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பாய்மரம் போனால் பாய்க்கப்பல் வெறும் மரத்தொட்டி. அமெரிக்கர்கள் ஜாவாவின் சுக்கானைத் திருப்பும் சக்கரத்தைக் கழற்றித் தங்கள் கப்பலில் மாட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கொளுத்திவிட்டார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்கும் கலை அப்போதே வளர்ந்திருக்கிறது.

வரைபடம் இரண்டாம் தடவை பம்பாய்க்குப் போனது. அங்கே வாடியா வேறு கப்பலில் பிஸி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, சடங்குப்படி வெள்ளி ஆணி அடித்து வேலையைத் தொடங்கியது 1816-ல். ஒரு சின்னச் சிக்கல்: நெப்போலியன் 1815-லேயே வாட்டர்லூவில் தோற்று, செயின்ட் ஹெலினாவில் குடித்தனம் போட்டுவிட்டார். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு நாதஸ்வரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி, இல்லாத போருக்கு ஒரு போர்க்கப்பல் ஜோராக வளர்ந்தது.

1817 அக்டோபர் 12-ல் தண்ணீரில் இறங்கியது. 1819 ஏப்ரலில் கம்பீரமாக போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தது. அங்கே என்ன வரவேற்பு தெரியுமா? பாய்களையும் கயிறுகளையும் கழற்றி, மேலே கூரை போட்டு, ஓரமாகக் கட்டிவைத்தார்கள். சும்மா சில மாதம் இல்லை, 1845 வரை!

பிறகு தூசி தட்டி, பீரங்கிகளை 26-ஆகக் குறைத்து, அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ரோந்து விட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒரு கடற்போரும் அதன் ஜாதகத்தில் இல்லை. ஓய்வு பெற்றதும் பயிற்சிக் கப்பலாகி, 1897-க்குப் பிறகு 'ஃபூத்ரோயான்' என்று நெல்சனின் பழைய கப்பல் பெயரைச் சுமந்தது. ஓசிப் பெயர், அதுவும் பிரெஞ்சு! சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்க 1992 ஆனது.

வீரமாகச் சண்டை போட்ட கப்பல்கள் பல மூழ்கின, உடைபட்டன. ஒன்றும் செய்யாத இவள், பாதிக்கு மேல் அதே பழைய தேக்கோடு, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறாள். உலகில் மிதந்துகொண்டிருக்கும் பழைய போர்க்கப்பல்களில் இவளுக்கு இரண்டாம் இடம்.

முதலிடம், பாஸ்டனில் நிற்கும் கான்ஸ்டிடியூஷனுக்கு.