‘ஹலோ, எப்படி இருக்கீங்க’ என்னும் பிழை: வடசென்னை வாட்ஸ்அப் பதிவுகளும் தொடக்கநிலைப் பாட ஆசிரியரும்

உரையாடல் பதிவுகளை நிரல் எழுதிப் பகுப்பது எப்படி என்று புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பாடங்களில் எப்போதும் இரண்டே பேர்தான் பேசுகிறார்கள். ஒருவர் ஹலோ என்கிறார். மற்றவர் எப்படி இருக்கீங்க என்கிறார். முதலாமவர் நலம் என்று சொல்லி, ஒழுங்காக முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டு வரியை முடிக்கிறார். இருவருக்கும் ஒற்றைச் சொல்லில் பெயர். குரல் பதிவு கிடையாது, காலை வணக்கப் படம் கிடையாது, அனுப்பிய மறுநொடியே அழித்துவிட்டு ‘ஒன்னும் இல்ல’ என்று சமாளிப்பதும் கிடையாது. இப்படிப்பட்ட மனிதர்கள் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை எங்கேனும் வசிப்பதாக இவ்வாய்வாளருக்குத் தகவல் இல்லை.

ஆய்வின் கருதுகோள் வருமாறு: தன் விளக்கத்தால்தான் பாடம் எளிதாயிற்று என்று ஆசிரியர் நம்புகிறார்; உண்மையில் அதை எளிதாக்கியது அவர் முன்கூட்டியே சலவை செய்து வைத்த மாதிரிப் பதிவு. மாணவர் வீட்டுக்குப் போய்த் தன் சொந்தக் குழுவின் பதிவை ஏற்றியதும் நிரல் மூன்றாம் வரியில் படுத்துவிடுகிறது. அப்போதும் அவர் ஆசிரியரை ஐயுறுவதில்லை. ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று தன்னையே நொந்துகொள்கிறார்.

முன்னோர் ஆய்வுகளைச் சுட்டாமல் மேலே செல்வது மரபன்று. தமிழில் கணினி கற்பிப்பதில் கணியம் மின்னிதழ் 2012 முதல் தொண்டாற்றி வருகிறது, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பதிவுகளைப் பகுக்க உதவும் ரெகெக்ஸ் என்ற வடிவக் குறிமொழிக்கு அடித்தளமிட்ட ஸ்டீபன் கிளீனியின் கட்டுரை நூலில் அச்சேறியது 1956-இல். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது 1856-இல். சரியாக நூறு ஆண்டு இடைவெளி. இதிலிருந்து ரெகெக்ஸ் ராயபுரத்தில் தோன்றியது என்று நிறுவ இன்னும் ஒரே ஒரு கல்வெட்டுதான் தேவைப்படுகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி கீழே. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்து ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்தால் வரும் டெக்ஸ்ட் கோப்பின் அமைப்பில் இவ்வாய்வாளரே புனைந்தது.

06/04/23, 4:12 ஏஎம் - ஐஸ் அண்ணன் - புது நம்பர்: இன்னா மாமா, போட்டு வந்துடுச்சா
06/04/23, 4:13 ஏஎம் - டீசல் மாமா: வந்துகினே கீது. சங்கரா நெறைய
நெத்திலி கொஞ்சம்
ரேட்: வந்து பேசிக்கலாம்
06/04/23, 4:15 ஏஎம் - ஐஸ் அண்ணன் - புது நம்பர்: <மீடியா ஒமிட்டட்>
06/04/23, 4:40 ஏஎம் - டீசல் மாமா வலைக்கார மச்சானைச் சேர்த்தார்

ஆறே வரி. வழக்கமான பாடத்தில் கற்ற நிரலை இதன்மேல் ஓட்டிப் பார்ப்போம். ‘முக்காற்புள்ளி வரும் இடத்தில் வெட்டு, இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் செய்தி’ என்பது பாடம். முதல் வெட்டு நேரத்துக்குள்ளேயே விழுகிறது. நாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் முக்காற்புள்ளி இருப்பதை ஆசிரியர் மறந்துவிட்டார். சரி, முக்காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் வெட்டலாம் என்று திருத்தினால் நான்காம் வரியில் ‘ரேட்’ என்றொரு புதிய உறுப்பினர் பிறக்கிறார். மாதக் கடைசியில் யார் அதிகம் பேசினார்கள் என்று பட்டியல் போட்டால் டீசல் மாமாவுக்கு அடுத்த இடத்தில் ரேட் நிற்பார். சிறுகோட்டில் வெட்டினாலோ ஐஸ் அண்ணனின் பெயர் பாதியில் அறுந்து, ‘புது நம்பர்’ அவர் பேசிய பேச்சாகிவிடுகிறது. மூன்றாம் வரியிலோ முக்காற்புள்ளியே இல்லை. அங்கே நிரல் ‘லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று அலறி உயிர்விடும்.

நன்னூலில் கடை மாணாக்கருக்கு உவமையாக நெய்யரி வருகிறது. நெய்யைக் கீழே விட்டுவிட்டு அழுக்கைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும் வடிகட்டி அது. நெத்திலியை நழுவவிட்டு ‘ரேட்’ என்பவரை உறுப்பினராக்கிக்கொள்ளும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் வகுத்துவிட்டதால் நிரல் பாடங்களுக்கெனத் தனி விமரிசன மரபு தேவைப்படாது. பாதிப் பாடத்தைப் பைத்தானை நிறுவுவதிலேயே கழிப்பது மற்றொன்று விரித்தல். பல வரிகளில் நீளும் செய்திகளை ‘அது வேறு கதை’ என்று தாண்டிப் போவது குன்றக் கூறல். பட்டாசாகத் தொடங்கி, ‘மீதியை நீங்களே முயன்று பாருங்கள்’ என்று முடிப்பது சென்று தேய்ந்து இறுதல்.

உண்மையான வழி ஒரே வாக்கியத்தில் அடங்கும். வரி தேதியோடு தொடங்கினால் அது புதுச் செய்தி. தேதி இல்லையென்றால் முந்தைய செய்தியின் வால், அதோடு ஒட்டிவிட வேண்டும். பிறகுதான் பெயர், அதற்கும் பிறகுதான் பேச்சு. பெயரே இல்லாத வரி செயலியின் அறிவிப்பு. அதற்குத் தனிக் கூடை. இந்த விதி பிடிபட்டுவிட்டால் மாணவர் பாதிக் கடலைத் தாண்டிவிட்டார். ஆனால் வால் உள்ள ஒரு செய்தியையாவது மாதிரியில் பார்க்காதவருக்கு இந்த விதி எதற்கென்றே விளங்காது.

பெயர் விஷயத்தில் இன்னொரு சிக்கல். கோப்பில் வருவது அவரவர் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் பெயர். டீசல் மாமாவின் கைப்பேசியிலிருந்து எடுத்தால் ஐஸ் அண்ணன் ‘ஐஸ் தம்பி’ ஆகலாம், ‘கடன்காரன் 2’ என்றும் ஆகலாம். இரு பதிவுகளையும் இணைத்து ஒரே குழுவை ஆராய்பவர் மக்கள்தொகை இரட்டிப்பானதாக முடிவுகட்டுவார். உறவுமுறையே பெயராக வழங்கும் ஊரில் ‘மாமா’ என்பது தனிநபர் அடையாளம் ஆகாது என்பதை மாணவர் பட்டுத் தெரிந்துகொள்ள விடக்கூடாது. பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தேதியில் இருக்கும் ஆபத்து வழக்கு வரை போகக்கூடியது. 06/04/23 என்பது நமக்கு ஏப்ரல் 6. பைத்தானில் பலரும் நம்பிக் கையில் எடுக்கும் பாண்டாஸ் நிரலகம், நாளே முதலில் வருகிறது என்று தனியாகச் சொல்லாவிட்டால், அமெரிக்க வழக்கப்படி அதை ஜூன் 4 என்று படிக்கும். எங்கோ ஒரு கணக்கில் இரண்டு மாதம் தள்ளிப்போனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏப்ரல் 6 அன்று சங்கராவோடு கரை திரும்பிய படகு சட்டத்துக்கு உட்பட்டது. அதே படகை ஜூன் 4-இல் கொண்டுபோய் நிறுத்தினால் உரிமையாளர் குற்றவாளி. எந்த மீன்வளத்துறை அதிகாரியும் செய்யாத வேலையைத் நிரலில் விட்டுப்போன ஒரே ஒரு அளபுரு செய்துமுடித்துவிடுகிறது.

நேரத்திலும் இதே கதை. இங்கே கேலியைச் சற்று நிறுத்த வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட இரவில் 12:20 ஏஎம் என்று பதிவான ஒரு செய்தியைப் பைத்தானின் நேர வாசிப்பானிடம் கொடுக்கிறோம் என்று வையுங்கள். மணிக்குரிய குறியாகப் பன்னிரண்டு மணிக் கணக்கின் ‘ஐ’ போடாமல் இருபத்துநாலு மணிக் கணக்கின் ‘எச்’ போட்டால், பக்கத்தில் இருக்கும் ஏஎம்மை அது கண்டுகொள்வதே இல்லை. பிழைச் செய்தியும் வராது. உதவி கேட்டு அலறிய செய்தி மறுநாள் நண்பகலுக்குப் போய்விடும். யார் எப்போது எச்சரித்தார், எத்தனை நிமிடத்தில் அடுத்த தெருவுக்குத் தெரிந்தது என்று பிறகு யாராவது கோத்துப் பார்க்க விரும்பினால் பன்னிரண்டு மணி நேரம் காணாமல் போயிருக்கும். தொடக்கநிலைப் பாடங்களில் எல்லாரும் காலை பத்தேகாலுக்குப் பேசுவதால் இந்தக் குழி எந்த மாணவர் கண்ணிலும் படுவதில்லை.

கண்ணுக்கே தெரியாத அழுக்கும் உண்டு. உலகெங்கும் தேதி, நேர வடிவங்களைத் தொகுத்துத்தரும் சிஎல்டிஆர் தொகுப்பின் 42-ஆம் பதிப்பு 2022-இல் வந்தபோது ஆங்கில நேர வடிவில் ஏஎம்முக்கு முன்னால் சாதாரண இடைவெளிக்குப் பதில் ஒடுங்கிய, உடையாத இடைவெளி ஒன்றைப் புகுத்தியது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாதாரண இடைவெளியை நம்பி எழுதிய பழைய நிரல்கள் புதிய பதிவுகளைப் பார்த்து ‘செய்திகள்: சுழியம்’ என்று சாந்தமாகச் சொல்லின. எந்த வகை இடைவெளியையும் ஏற்கும் குறியை ரெகெக்ஸில் போட்டால் தீர்ந்தது. தீர்வு ஒரு எழுத்து. அதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்தில் காசிமேட்டில் ஏலம் முடிந்து ஐஸும் உருகிவிடும்.

அடுத்து மொழி. பைத்தானின் ரெகெக்ஸ் தொகுதியில் ‘சொல்லெழுத்து’ என்பதற்கு ஒரு குறி இருக்கிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகளே அல்ல. விளைவாக மீன் என்ற சொல் ‘ம’, ‘ன’ என்று இரு துண்டாகிறது. வஞ்சிரம் ‘வஞ’, ‘ச’, ‘ரம’ என்று மூன்று துண்டாகிறது. காசிமேட்டில் மீன் வெட்டித்தரும் அக்காக்கள்கூட வஞ்சிரத்தை இப்படிக் கண்டபடி வெட்டுவதில்லை. காசிமேடு என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பைத்தான் 8 என்னும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 4 என்று சொல்லும், அதுவே சரி. முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் இந்த வேலைக்கென்றே இருக்கிறது. அது கா, சி, மே, டு என்று ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கும். தமிழில் எழுதப்படும் பாடம்கூட ஆங்கில மாதிரியை வைத்தே நடத்தப்படுவதால் இந்தச் சிக்கல் வருவதற்கே வழியில்லாமல் போகிறது. (விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறந்தால் மீன் ஒரு துண்டுகூட மிஞ்சாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.)

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. உண்மையான குழுவின் பதிவைப் பாடத்தில் போட முடியாது. ஐஸ் அண்ணனின் கடனும் வலைக்கார மச்சானின் வீட்டுச் சண்டையும் மாணவர்கள் பயிற்சி எடுப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. குழுவில் இருப்பவர் ஒருவர் எக்ஸ்போர்ட் கொடுத்ததால் மற்றவர்கள் சம்மதித்ததாக ஆகாது. ஆகவே மாதிரியைப் புனைந்தே தீர வேண்டும். புனையும்போது மனிதர்களைப் பொய்யாக வைத்துக்கொண்டு அழுக்கை மட்டும் மெய்யாக வைக்கலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. ஆசிரியர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்: நண்பரின் உண்மைப் பெயரைப் போட்டுவிட்டுப் பேச்சைச் சலவை செய்கிறார்கள்.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. முதன்முதலாக ஒரு குழுவின் சொற்களை எண்ணி வரிசைப்படுத்தும் மாணவருக்குக் கிடைக்கும் கண்டுபிடிப்பு எப்போதும் ஒன்றுதான்: அங்கே அதிகம் புழங்கும் சொற்கள் ‘மீடியா’வும் ‘ஒமிட்டட்’டும். உடனே பாடம் அவற்றைக் குப்பை என்று நீக்கச் சொல்கிறது. வலை இழுத்த ஈரக் கையோடு யாரும் தட்டச்சு செய்வதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசி அனுப்புகிறார்கள். அந்தப் பேச்சு முழுவதும் ‘மீடியா ஒமிட்டட்’ என்ற அதே வரியாகத்தான் கோப்பில் விழுகிறது. எனவே ‘அதிகம் பேசியவர்’ பட்டியலில் முதலிடம் பெறுபவர் காய்ந்த கைக்காரர், அதாவது கரையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட். அந்த வரிகளை நீக்காமல் தனியாக எண்ணிவைக்கச் சொல்லலாம்தான். ஆனால் எது கடலிலிருந்து வந்த குரல், எது ரோஜாப்பூவோடு வந்த காலை வணக்கம் என்பதை ஆண்ட்ராய்டு பதிவு சொல்லாது. ஐபோன் பதிவு மட்டும் ‘ஆடியோ ஒமிட்டட்’, ‘இமேஜ் ஒமிட்டட்’ என்று பிரித்துக் காட்டும். போட்டுக்காரர் குழுவில் ஐபோன் வைத்திருக்கும் மைத்துனர் எவரேனும் கிடைக்கும்வரை இவ்வாய்வின் இரண்டாம் பாகம் நிலுவையில் இருக்கும்.